கலாராணி அக்காவின் காம்பரா

மாத்தளையில் எங்கள் கல்யாண மண்டபத்தின் சுவரில் யாரும் ஆணி அடிக்கக் கூடாது. வாசலில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டியிருக்கிறோம். அதை மாட்டுவதற்கு ஓர் ஆணி அடிக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். அலங்காரம் செய்ய வருகிறவர்களுக்காகச் சுவரின் மேல் விளிம்பில் வரிசையாக இரும்புக் கொக்கிகள் பதித்திருக்கிறோம். பூச்சரமோ பட்டுத் துணியோ, எதைத் தொங்கவிடுவதானாலும் கொக்கியில் கட்ட வேண்டும். கல்யாணம் முடிந்ததும் அவிழ்த்துக்கொண்டு போய்விட வேண்டும். மண்டபத்தைப் பதிவு செய்யும் மேசையில் இருக்கிற நான் நாளெல்லாம் சத்தமாகப் பேசுகிற ஒரே பேச்சு இந்தச் சட்டத்தைச் சொல்வதுதான்.

"என் தொழிலே இதுதான் தம்பி," என்றார் கலாராணி அக்கா, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். "சுவத்துல ஆணி அடிக்காம, கொக்கியில கட்டுறது."

அக்காவின் தொழில் இணையத்தளம் செய்வது. இப்போது யாரும் ஒரு தளத்தை அடியிலிருந்து கட்டுவதில்லையாம். அதற்கென்று ஒரு சிஸ்டம் தயாராக இருக்கிறது. அரசாங்கத் தமிழில் அதை உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என்பார்கள். அக்கா 'சிஸ்டம்' என்பார். அந்தச் சிஸ்டத்தை அவர் எங்கள் மண்டபத்தை வைத்தே எனக்கு விளக்கினார். கட்டடம்தான் கோர், அதில் கை வைக்கவே கூடாது. பந்தல் அலங்காரம் தீம். கல்யாணத்துக்குக் கல்யாணம் மாறும். ஐஸ்கிரீம்காரர், ஜெனரேட்டர்காரர், நாதஸ்வரக்காரர் எல்லாம் பிளகின். வேண்டுமானால் கூப்பிடலாம், சரியில்லை என்றால் அனுப்பிவிடலாம். மாப்பிள்ளையும் பெண்ணும் கன்டென்ட்.

"பந்தல்காரர் மாறினா பொண்ணு மாறக் கூடாது. அவ்வளவுதான் ஆர்க்கிடெக்சர்."

தொழிலோடு இதை விட்டிருந்தால் பரவாயில்லை. அக்கா உலகம் முழுவதையும் இப்படித்தான் பார்ப்பார். மண்டபத்தில் கல்யாணம் நடக்கும்போது வாசலில் வந்து நின்று, நகைகளோடு தடுமாறி வருகிற மணப்பெண்ணைப் பார்த்து, "தீம் கொஞ்சம் பாரம். லோட் ஆக நேரம் எடுக்கும்," என்று என் காதுக்குள் சொல்வார். மத்தியானச் சாப்பாட்டைக்கூடச் சோறு ஒரு பெட்டி, பருப்பு ஒரு பெட்டி, சம்பல் ஒரு பெட்டி என்று தனித்தனியாகக் கொண்டுவருவார். பசித்த பிறகுதான் கலப்பார். ஒரு தளத்தின் பக்கம் என்று எதுவுமே உள்ளே தயாராக இல்லையாம். யாராவது வந்து கேட்கும்போதுதான் சிஸ்டம் தகவலை ஓரிடத்திலிருந்தும் அலங்காரத்தை இன்னோரிடத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்துத் தருகிறதாம். இதைச் சொல்லிக்கொண்டே பருப்பை ஊற்றுவார். அவருடைய கணவர் உதயராஜ் அண்ணன் பாடசாலை வேன் ஓட்டுகிறவர். ஒரு தரம் அவர் என்னிடம் சொன்னார்: "கல்யாணம் கட்டின புதுசுல நான் பேசினா கேப்பா தம்பி. இப்ப நான் ஒரு பிளகின். அப்டேட் பண்ணினா மட்டுந்தான் வேல செய்வேனாம்."

அக்காவின் அலுவலகம் மண்டபத்தின் பின்பக்கம், சமையற்கட்டுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவில் இருக்கிற ஓர் அறை. எல்லோரும் அதைக் காம்பரா என்றுதான் சொல்வார்கள். உடைந்த மின்விசிறிகள் கிடந்த இடம். மண்டபத்துக்குச் சொந்தக்காரரான பிள்ளையார் கோயில் சபைக்கு அக்கா தளம் செய்து கொடுத்தபோது, சம்பளத்துக்குப் பதிலாகச் சபை அதைக் கொடுத்தது. மண்டபத்தின் இணைய இணைப்பையும் பாவித்துக்கொள்ளச் சொன்னது. அலுவிகாரையில் அவர் வீட்டில் இருப்பது ஒரு மேசை. அதில் பிள்ளைகள் இருவரும் படிப்பார்கள், உதயராஜ் அண்ணன் சட்டை அயன் பண்ணுவார், மடிக்கணினியைத் திறந்து வைத்தால் யாராவது அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைப்பார்கள். உக்குவளையில் பிள்ளைகள் படிக்கிற டியூட்டரியின் தளம், இரத்தோட்டைப் பக்கம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தின் தளம், இன்னும் நாலைந்து எல்லாம் இந்தக் காம்பராவிலிருந்துதான் ஓடின. காம்பரா போனால் தொழில் போய்விடும்.

போவதற்கு வழியும் வந்திருந்தது. இந்த வருடம் சபைக்கு முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் அன்பளிப்பாகக் கிடைத்தன. வைப்பதற்கு இடமில்லை. நடைபாதையில் அடுக்கியிருந்த நாற்காலிகளில் இடித்துக்கொண்டு, சபைச் செயலாளர் யோகராஜ் அண்ணன் என் மேசைக்கு வந்தார். பெரிய தெருவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். தலைவர் அழகமுத்து ஐயாவும் கூட வந்தார். அவருக்குக் கறுவா, மிளகு, சாதிக்காய் வியாபாரம்.

"கொழும்பில ஒரு கம்பெனி இருக்கு ஐயா," என்றார் யோகராஜ் அண்ணன். "சைட்ட பூரா அவங்களே பாத்துக்குவாங்க. நமக்கும் காம்பரா மிஞ்சும், கதிரைய அடுக்கிரலாம்."

"கலாராணி புள்ள நல்லாத்தானே செய்யுது?"

"நல்லாத்தான் செய்யுது. ஆனா கதிரைக்கு அது தெரியாதே."

தலைவர் யோசித்தார். "கொடியேத்தம் அன்னைக்குப் பின்னேரம் பொதுக் கூட்டம் இருக்குல்ல. அதுக்குள்ள சைட்டுல கலாராணி போடுற திருவிழாப் பக்கம் எப்பிடி ஓடுதுன்னு பாப்போம். பாத்துட்டு முடிவெடுப்போம்."

நடைபாதை முடிவில் காம்பராவின் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே தட்டச்சுச் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

திருவிழாப் பக்கத்தில் முதல் பிரச்சினை சாவிதான். சபையில் பதினொரு பேர். தளத்துக்குள் நுழையப் பதினொரு பேருக்கும் சாவி, அதாவது கடவுச்சொல், வேண்டும். பதினொன்றும் பெரிய சாவியாக இருக்க வேண்டும். சிஸ்டத்தில் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்று படி வகுக்கலாம். அக்கா சபையின் பதவிகளை அப்படியே படிகளாக வைத்தார்: போஷகர், தலைவர், உப தலைவர், செயலாளர், உப செயலாளர், ஆலோசகர். உள்ளே நுழைந்ததும் 'வணக்கம் செயலாளர் அவர்களே' என்று தங்க நிறத்தில் வரும். அதற்குக் கீழே ஒரே ஒரு பொத்தான் இருக்கும்: உங்கள் படத்தை மாற்றுக.

"எனக்கு எல்லா அதிகாரமும் இருக்குதானே?" என்று யோகராஜ் அண்ணன் கேட்டார்.

"பூரா இருக்கு அண்ணே. எத்தன தரம் வேணும்னாலும் மாத்தலாம்."

எதை மாற்றலாம் என்று அவரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. அந்த வாரம் சபையார் பதினொரு பேரும் புதுப் படம் எடுத்தார்கள்.

இரண்டாவது பிரச்சினை உபயகாரர்கள். திருவிழா நாட்களில் அன்னதானத்துக்கு அரிசியும் மரக்கறியும் தருகிற குடும்பங்களை அப்படிச் சொல்வோம், மொத்தம் நாற்பது. முன்பெல்லாம் இவர்களின் பெயர்கள் அச்சு நோட்டீஸில் வரும். போன வருட நோட்டீஸைப் பார்த்து அப்படியே அடிப்பார்கள், புதுக் குடும்பம் வந்தால் அடியில் சேர்ப்பார்கள். அழகமுத்து ஐயாவின் குடும்பம் எப்போதும் முதலாவது. இந்த வருடம் நோட்டீஸ் இல்லை, எல்லாம் தளத்தில்தான் என்று சபை முடிவு செய்தது. அக்கா உபயகாரர் என்று ஒரு வகையைச் சிஸ்டத்தில் உண்டாக்கி, குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், ஊருக்கு ஒரு கட்டம், படத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்தார். பெயர்களை ஏற்றும் வேலையை நான் செய்தேன். மரியாதையோடு அழகமுத்து ஐயா குடும்பத்தைத்தான் முதலில் ஏற்றினேன். கடைசியாகக் கமலாட்சி அம்மாவை ஏற்றினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துகிற அவர் உபயம் செய்வது இதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் காலை தலைவர் கைப்பேசியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி காம்பராவுக்கு வந்தார்.

"நம்ம பேரு இல்லியேம்மா?"

"இருக்குங்க ஐயா. அஞ்சாம் பக்கத்துல, கடைசியில."

"அஞ்சாம் பக்கமா? அப்ப மொதல் பக்கத்துல யாரு?"

"கமலாட்சி அம்மா."

ஐயா நாற்காலியைத் தேடினார். வெளியே முந்நூறு இருந்தது; உள்ளே ஒன்றுதான், அதில் அக்கா இருந்தார். அவர் எழுந்து இடம் கொடுத்தார்.

"புதுசா ஏத்தினது மேல வரும் ஐயா. சிஸ்டத்தோட பழக்கம் அது. செய்திக்குன்னு செஞ்சது, அதுனால புதுச் செய்தி மொதல்ல."

"எங்க தாத்தா காலத்துல இருந்து குடுக்குறோம். நாங்க என்ன பழைய செய்தியா?"

கமலாட்சி அம்மாவின் கடையில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குக் காலை அங்கே இடியப்பம் சாப்பிட்டவர்கள் எல்லோரும் முதலில் அவருடைய கைப்பேசியைப் பார்த்துவிட்டுத்தான் சொதியைப் பார்த்தார்கள்.

அக்கா அன்று பின்னேரமே வரிசையை மாற்றினார். இந்தத் தடவை அகரவரிசை. அழகமுத்து ஐயா மேலே போனார். "தமிழுக்கே நம்மள தெரிஞ்சிருக்கு," என்று அவர் சொன்னதாகக் கேள்வி. யோகராஜ் அண்ணன் நாலாம் பக்கத்துக்குப் போனார். தன் பெயரை விட்டுவிட்டுக் காலமான தன் அப்பா ஆறுமுகத்தின் பெயரில் போடச் சொல்லி மறுநாள் வந்தார். அதைக் கேள்விப்பட்ட இன்னும் மூன்று குடும்பங்கள் 'அமரர்' என்று தொடங்கும்படி தங்கள் பெயரைத் திருத்தக் கேட்டன. அமரர்கள் பட்டியல் முழுவதும் பரவுவதற்கு முன்னால் அக்கா அதையும் கழற்றினார்.

"மொதல் பேருன்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் இந்தச் சண்ட தீராது தம்பி," என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அந்த வெளிச்சம் வந்தால் எனக்குக் கொஞ்சம் பயம். "மொதல் பேரே இல்லாம செஞ்சிட்டா?"

அவர் செய்தது இதுதான். கோரில் கை வைக்காமல், சிஸ்டம் அதற்கென்றே வைத்திருக்கிற ஒரு கொக்கியில் நாலு வரி நிரலைக் கட்டினார். அதற்குப் பிறகு யாராவது பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் சிஸ்டம் பெயர்களைச் சீட்டுப் போலக் குலுக்கிப் போட்டது. பக்கம் பிரிப்பதையும் எடுத்துவிட்டார். நாற்பது பெயரும் ஒரே பக்கத்தில். ஒருவர் திறந்தால் ஒரு குடும்பம் மேலே, இன்னொருவர் திறந்தால் இன்னொரு குடும்பம்.

"இனி யாரும் மேலயும் இல்ல, யாரும் கீழயும் இல்ல," என்றார். இவ்வளவு பெரிய சமத்துவத்தை நாலு வரியில் கொண்டுவந்த பெருமையோடு சம்பல் பெட்டியைத் திறந்தார்.

மாத்தளை ஆட்களை அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் மறந்துவிடுவார். தங்கள் பெயர் மேலே வரும் வரைக்கும் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறக்கலாம் என்பதை ஊர் அரை நாளில் கண்டுபிடித்தது. வந்ததும் திரையைப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போடலாம் என்பதை மிச்ச அரை நாளில் கண்டுபிடித்தது. மண்டபத்துக்கு எதிரில் போன் கடை வைத்திருக்கிற றம்ஸி நானாவிடம், திரையைப் படம் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

"இந்தா, இந்த ரெண்டு பட்டனையும் ஒண்டா அமத்துங்க," என்று அவர் சலிக்காமல் சொல்லிக் கொடுத்தார். அக்காவைக் கண்டபோது, "தங்கச்சி, ஒங்கட கோயில்ல என்ன லொத்தரா குலுக்குறீங்க?" என்று கேட்டார். "விரலால தேச்சுத் தேச்சே ரெண்டு பேர் ஸ்க்ரீன ஒடச்சிட்டாங்க. அல்லாட காவல், எனக்கு யாவாரம்தான்."

வாட்ஸப் குழுவில் ஒரே நாளில் பத்துக் குடும்பங்கள் முதலாவதாக வந்திருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் கீழே கூப்பிய கைகள். அழகமுத்து ஐயா எதுவும் போடவில்லை. ஆனால் அவருடைய கடைப் பையன்கள் மிளகு அளப்பதை விட்டுவிட்டு ஆளுக்கொரு போனைத் தேய்த்துக்கொண்டிருந்ததை நான் போகிற வழியில் பார்த்தேன்.

இத்தனை பேர் திரும்பத் திரும்பத் திறந்ததில் தளம் மூச்சு வாங்கத் தொடங்கியது. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் பக்கம் திறக்கவே வெகுநேரம் எடுத்தது. அக்கா ஒரு பிளகினைப் பொருத்தினார். கேஷ் என்று பெயர்.

"எனக்குன்னா சோறு வேற, கறி வேற, கேட்டதும் கலந்து தரலாம்," என்றார். "முந்நூறு பேர் ஒரே நேரத்துல வந்து நின்னா? சோத்துப் பார்சல் கட்டி வச்சிட வேண்டியதுதான். வாறவங்களுக்கு எடுத்து எடுத்துக் குடுக்கிறது. சிஸ்டத்துக்கும் களைப்பு வராது."

கொடியேற்றம் காலையில். மேளச் சத்தம் மண்டபம் வரைக்கும் கேட்டது. நான் மேசையில் இருந்தபடி பக்கத்தைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே 'உதயராஜ் - கலாராணி குடும்பம், அலுவிகாரை' என்று இருந்தது. அவர்களும் அரிசி கொடுத்திருந்தார்கள். வரட்டுமே, ஒரு தரம் வரத்தானே வேண்டும் என்று நினைத்தேன். மறுபடி திறந்தேன். அதே பெயர். கொஞ்சம் பொறுத்துத் திறந்தேன். அதே பெயர். கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்த ஆட்கள் கைப்பேசியைப் பார்ப்பதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் மடிக்கணினியில் பக்கத்தைத் திறந்தார். மேலே வேறொரு குடும்பம். மறுபடி திறந்தார். இன்னொரு குடும்பம்.

"எனக்குச் சரியாத்தானே வருது?" என்றார்.

இந்தத் தொழில் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு நாளாவது இந்த வசனத்தைச் சொல்வார்களாம். நான் என் கைப்பேசியை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், மடிக்கணினியைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் தலையில் கை வைத்தார்.

"சமையல்கட்டுல நிக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? எனக்குச் சுடச்சுடக் கலந்து தருது. நான் எங்க பார்சல் திங்கிறேன்?"

நடந்தது அதுதான். கேஷ் பிளகின் பார்சல் கட்டிய நேரத்தில் குலுக்கலில் மேலே வந்த பெயர் அக்காவுடையது. அந்த ஒரு குலுக்கலையே கட்டி வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் அதையே கொடுத்துக்கொண்டிருந்தது. தளத்துக்குள் சாவி போட்டு நுழைந்திருக்கிற அக்காவுக்கு மட்டும் பார்சல் கொடுக்காது. உடனே எல்லாப் பார்சல்களையும் எறிந்தார். அந்தப் பிளகினையும் நிறுத்தினார். ஆனால் வாட்ஸப் குழுவில் அதற்குள் படங்கள் வந்துவிட்டன. இந்த முறை எல்லோரும் ஒரே படத்தைப் போட்டிருந்தார்கள். கூப்பிய கைகள் ஒன்றும் இல்லை.

மத்தியானம் உதயராஜ் அண்ணன் வேனை நிறுத்திவிட்டு வந்தார். காம்பரா வாசலில் நின்றே பேசினார்.

"நம்ம பேர எடுத்துரு கலா. கூட்டத்துக்கு முந்தி எடுத்துட்டா பேச்சு அடங்கிரும். காம்பரா மிஞ்சும்."

"எடுத்தா நானே போட்டுக்கிட்டேன்னுதான் அர்த்தமாகும்."

"அர்த்தத்த வச்சிக்கிட்டு என்ன செய்யிறது? மேசைக்கு எங்க போறது?"

அக்கா மடிக்கணினியை மூடினார். சாப்பாட்டுப் பெட்டிகள் மூன்றும் திறக்காமலே இருந்தன. "நாமளும் ஒரு மூட்ட அரிசி குடுத்தோம்தானே," என்றார் கடைசியில். உதயராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மண்டபச் சுவரின் கொக்கிகளைப் பார்த்தேன்.

கூட்டத்துக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. முந்நூறு நாற்காலிகளும் முதல் தடவையாகப் பயன்பட்டன. கொழும்புக் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். நல்ல பிள்ளை, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத் திரையை விரித்து வைத்தார்.

யோகராஜ் அண்ணன் எழுந்தார். "நான் யாரு பேரையும் சொல்லல. ஆனா காலையில இருந்து ஒரே குடும்பத்துப் பேருதான் மேல நின்னிச்சு."

"நீங்க சொல்லாட்டி என்ன, எல்லார் போன்லயும் இருக்குதே," என்றார் பெண்கள் வரிசையிலிருந்து கமலாட்சி அம்மா.

அக்கா எழுந்து விளக்கினார். கோர், கொக்கி, குலுக்கல், பார்சல் என்று ஒன்றும் விடாமல் சொன்னார். முந்தானையைப் பிடித்துக்கொண்டே சொன்னார். முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அப்ப ஊருக்கெல்லாம் இன்னைக்கு ஒங்க வீட்டுப் பார்சலா?"

மண்டபம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

அழகமுத்து ஐயா கையை உயர்த்திச் சத்தத்தை அடக்கினார். "சரிம்மா. தெரியாம நடந்ததுன்னே வச்சிக்குவோம். ஒங்க குடும்பத்துப் பேர எடுத்துட்டா இந்தப் பேச்சுக்கே எடமில்லல்ல?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். உதயராஜ் அண்ணன் தலையைத் தலையை ஆட்டினார், ஆமென்று சொல்லச் சொல்லி.

"எடுக்கமாட்டேங்க ஐயா," என்றார் அக்கா. "தப்பு வரிசையில. பேர்ல இல்ல. தப்பு என்னோடது, அத ஒத்துக்கிறேன். அரிசி எங்களோடது, அதையும் ஒத்துக்கணும்."

உட்கார்ந்துவிட்டார். காம்பரா போய்விட்டது என்று நான் நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார் என்பது முதுகில் தெரிந்தது.

கொழும்புத் தம்பி தொடங்கினார். அவர்களுடைய தளம் அழகாகத்தான் இருந்தது. உபயகாரர்களின் பெயர்கள் படத்தோடு சீட்டுச் சீட்டாகத் திரையில் நின்றன. "இதில் குழப்பமே இல்லை," என்றார். "எந்த வரிசை வேண்டுமோ அப்படி வைத்துக்கொள்ளலாம். விரலால் பிடித்து இழுத்தால் போதும்." அழகமுத்து ஐயாவின் சீட்டைப் பிடித்து முதலிடத்துக்கு இழுத்தார். ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாற்றவும் லேசு," என்று சொல்லி யோகராஜ் அண்ணனின் சீட்டை இழுத்து அதற்கு மேலே போட்டார். நாற்பது குடும்பங்களும் பார்த்திருக்க, ஐயா இரண்டாம் இடத்துக்கு இறங்கினார்.

யோகராஜ் அண்ணன் திரையைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி," என்றார் கமலாட்சி அம்மா. "இத யாரு இழுக்கிறது?"

"யார் வேண்டுமானாலும் இழுக்கலாம் அம்மா."

"யாரு வேணும்னாலும்னா நானே இழுக்கலாமா?"

தம்பிக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். "சபையில் ஒருவரை நியமித்தால் நல்லது. உதாரணமாக, செயலாளர்."

மண்டபம் முழுவதும் யோகராஜ் அண்ணனைத் திரும்பிப் பார்த்தது. அவர் முகத்தில் நாற்பது குடும்பங்களும் ஒன்றன்பின் ஒன்றாக முறைப்பாட்டோடு ஹார்ட்வெயார் கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தன.

"நான் கடையப் பாக்கிறதா, இதப் பாக்கிறதா?" என்றார். "தலைவர் இருக்கும்போது நான் இழுக்கிறது மரியாதை இல்ல."

"தலைவரா இருந்துக்கிட்டு என் பேர நானே மேல இழுக்கவா?" என்றார் ஐயா. "அப்ப கீழ இழுக்கவா? அதுவும் முடியாது. உப தலைவர் இழுக்கட்டும்."

உப தலைவர் தனக்குச் சீனி வியாதி இருப்பதாகச் சொன்னார். இழுப்பதற்கென்று ஓர் உபகுழு போடலாம் என்று யாரோ சொன்னார்கள். அந்த உபகுழுவுக்கு யார் தலைவர் என்று இன்னொருவர் கேட்டார். சொன்னவர் உட்கார்ந்துவிட்டார்.

அழகமுத்து ஐயா அக்கா பக்கம் திரும்பினார். "ஒன்னோட சைட்டுல யாரும்மா இழுக்கிறது?"

"யாரும் இழுக்கல ஐயா. அதுவாத்தான் விழுது."

"அப்ப யாரு மேலயும் குத்தமில்ல."

"குத்தம் என் மேல இருக்கு ஐயா, இன்னைக்குக் காலையில அந்தப் பார்சல்..."

"அத விடும்மா," என்றார் ஐயா, அவசரமாக. "மெஷினு போட்டுச்சு. நாளைக்கு யாராவது வந்து கேட்டா, மெஷினு போட்டுச்சுன்னு சொல்லலாமா, இல்லியா?"

அக்கா யோசித்தார். அவரைப் போன்றவருக்கு அது கஷ்டமான கேள்வி. "சொல்லலாம்," என்றார்.

மண்டபத்தில் பெரிய மூச்சு ஒன்று வெளியே வந்தது. கொழும்புத் தம்பி திரையைச் சுருட்டத் தொடங்கினார். அவரைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிப் பல குரல்கள் கேட்டன. அதில் யோகராஜ் அண்ணனின் குரல்தான் உரத்திருந்தது.

"கதிரைய எங்க அடுக்கிறது?" என்று யாரோ நினைவுபடுத்தினார்கள்.

"என் கடைக்குக் கொண்டாங்க," என்றார் கமலாட்சி அம்மா. "ஒக்காந்து சாப்பிட ஆளு இருக்கு."

"தேவயில்ல," என்றார் அழகமுத்து ஐயா உடனே. "நம்ம மிளகு ஸ்டோர்ல எடம் இருக்கு."

பிறகு யோகராஜ் அண்ணன் தீர்மானத்தை எழுதி, எழுந்து நின்று, நல்ல தமிழில் வாசித்தார். கோயிலின் இணையத்தளமும் மண்டபத்தின் பின்பக்க அறையும் தொடர்ந்து திருமதி கலாராணி உதயராஜ் அவர்களின் பொறுப்பில் இருக்கும். உபயகாரர்களின் பெயர் வரிசையை எவரும் தீர்மானிக்கக் கூடாது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது.

"முன்மொழிபவர்?" என்று நிமிர்ந்தார்.

ஒரே நேரத்தில் ஆறு கைகள் உயர்ந்தன. தான்தான் முதலில் தூக்கியதாக உப தலைவர் சொன்னார். அழகமுத்து ஐயா, தலைவர் இருக்கும்போது மற்றவர்கள் எப்படி என்று தொடங்கினார். கமலாட்சி அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

கலாராணி அக்கா பையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் மெதுவாக நழுவினார். பிளகினை மறுபடி போட்டு, உபயகாரர் பக்கத்துக்கு மட்டும் பார்சல் கட்டாமல் விடச் சொல்லி ஒரு கொக்கி கட்ட வேண்டும் என்று கூடப் போன என்னிடம் சொன்னார். காம்பராக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் தலையை நீட்டி, "சத்தம் கூடுது. சண்ட முடிஞ்சதும் யாரு முன்மொழிஞ்சதுன்னு வந்து சொல்லு தம்பி, சைட்டுல ஏத்தணும்," என்றார்.

கதவுக்குப் பின்னால் மூன்று பெட்டிகளும் திறக்கிற சத்தம் கேட்டது.